பூனைக்கு வால் கோணினால் தண்டுவடமும் கோணுமா?

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மார்க்கெட் பக்கம் கிடந்த ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறாராம். வால் பாதி நீளம்தான், நுனி மடங்கி முடிச்சு விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டு, "இது பிறவித் தண்டுவடக் கோளாறும்மா, கொஞ்ச நாளில் பின்னங்கால் விழுந்துவிடும், தாய்ப்பூனை கிரகணத்தில் வெளியே திரிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிஜமா என்று கேட்கிறார்.

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குட்டி ஓடுகிறது, அலமாரி மேல் ஏறுகிறது, மணல் தட்டில் ஒழுங்காகப் போய்வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார், அப்புறம் என்ன கவலை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கோப்பிக்கடை மேசைக்கடியில் குனிந்து பார்த்தாலே இப்படி வால் உள்ள பூனை ஒன்றிரண்டு தட்டுப்படும். 1868இலேயே டார்வின், மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மா பக்கத்துப் பூனைகளுக்கு எல்லாம் வால் பாதிதான், நுனியில் ஒரு முடிச்சும் இருக்கும் என்று எழுதிவைத்தார் ('எல்லாம்' என்றது கொஞ்சம் கூடுதல், மனிதர் நேரில் வந்து பார்க்கவில்லை). 2016இல் சீன ஆய்வாளர்கள் ஆசியக் குட்டைவால் பூனைகளின் மரபணுத் தொகுதியை முழுக்க வாசித்து, ஹெஸ்-7 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிரிவதற்கு நேரம் குறிக்கிற கடிகாரத்தில் ஹெஸ்-7 ஒரு முக்கியமான பகுதி. எலிக்கருவில் அது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அடிக்கும். நம் ஊர்ப் பூனைகளில் வால் பகுதிக்கு வரும்போது அந்தத் தாளம் பிசகுகிறது, வால் எலும்புகள் குறைகின்றன, கோணுகின்றன. அவ்வளவுதான். தண்டுவடம் பாட்டுக்கு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் ஆன்ட்டி சொன்ன நோய் இருக்கத்தான் செய்கிறது, வேறு ஊர்ப் பூனையில். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மேன் தீவு என்று ஒன்று உண்டு. அங்கிருந்து வந்த மேங்ஸ் இனத்தில் பல பூனைகளுக்கு வாலே இருக்காது. அவற்றில் சில குட்டிகள் நடக்கத் தொடங்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும்: பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தாவும், குதிகால் வரைக்கும் தரையில் படிய வைத்து நிற்கும், தூக்கினால் மூத்திரம் சொட்டும், பின்பக்கத்து முடி எந்நேரமும் ஈரமாக, தோல் சிவந்து கிடக்கும். மலச்சிக்கல் வேறு. சிலவற்றில் முதுகெலும்பின் வளைவுகள் மூடாமல் பிளந்திருக்கும், தண்டுவடத்தின் கடைசிப் பகுதி குறையாக இருக்கும் அல்லது இல்லாமலே போயிருக்கும். சிறுநீர்ப்பைக்கும் ஆசனவாய்க்கும் போகும் நரம்புகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வால் எலும்பு குறைந்தால் தண்டுவடம் ஏன் சேர்ந்து கெட வேண்டும்? ஒன்று எலும்பு, இன்னொன்று நரம்பு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கருவின் முதுகில் ஒரு தட்டு, அதன் ஓரங்கள் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகும். முன்பக்கம் மூளை, பின்பக்கம் தண்டுவடம். சரி, அது இடுப்பு வரைக்கும்தான். அதற்குக் கீழே மடிப்பதற்குத் தட்டே கிடையாது. கருவின் கடைக்கோடியில் வாலரும்பு என்று ஒரு சின்னச் செல் திரள் இருக்கும். அதிலிருந்து வரும் செல்கள் முதலில் கெட்டியான தண்டாகச் சேர்ந்து, பிறகு உள்ளே குடைவு விழுந்து, மேலிருந்து வரும் குழாயோடு இணைந்துகொள்ளும். உடம்பு தலையில் தொடங்கிப் பின்னால் நீண்டுகொண்டே போகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதயம் துடிக்கத் தொடங்கிய பிறகும் வாலுக்கு இன்னும் சரக்கு வந்து சேர்ந்திருக்காது.

அந்த அரும்பில் இருக்கும் செல்களில் ஒரு கூட்டம், தான் என்ன ஆகப்போகிறோம் என்று இன்னும் முடிவே செய்யாத கூட்டம். நரம்பு கருவின் ஒரு செல் படலத்திலிருந்து வரும், எலும்பும் தசையும் வேறொரு படலத்திலிருந்து வரும், கரு உருவான தொடக்கத்திலேயே இரண்டும் பிரிந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2009இல் எலிக்கருவில் தனிச் செல்களின் வாரிசுகளைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், ஒரே செல்லின் ஒரு பிள்ளை தண்டுவடத்துக்கும் இன்னொரு பிள்ளை எலும்பு, தசைப் பக்கத்துக்கும் போவதைக் காட்டினார்கள். அந்தச் செல்லுக்குள் இரண்டு மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன. சாக்ஸ்-2 ஓங்கினால் நரம்பு. டி என்ற மரபணு ஓங்கினால் மற்றது. இரண்டும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்தச் செல் அரும்பிலேயே இருந்து பெருகும்.

இந்த இழுபறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. டி-யின் உறவுக்கார மரபணு டிபிஎக்ஸ்-6. அதை எலியில் நீக்கிவிட்டு 1998இல் கருவைத் திறந்து பார்த்தார்கள். நடுவில் வழக்கமான நரம்புக்குழாய், அதற்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, ஆக மூன்று குழாய்கள்! எலும்பும் தசையும் ஆக வேண்டிய செல்கள், தடுக்க ஆள் இல்லாததால் தண்டுவடமாகிவிட்டன. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது யாரோ விளையாட்டுக்கு ஒட்டிவைத்தது என்றுதான் தோன்றும்.

டி-க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு, கையிருப்பைக் காப்பது. பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை அக்கா மாலை கட்டும்போது கூடையில் பூ இருக்கிற வரைக்கும்தான் மாலை நீளும். வாலரும்பு அந்தக் கூடை. ஒரு வித்தியாசம், இந்தக் கூடையில் பூ தானே பெருகும், பெருகச் சொல்வது டி. மேங்ஸ் பூனையில் டி-யின் இரண்டு பிரதிகளில் ஒன்று உடைந்திருக்கிறது என்று 2013இல் தெரியவந்தது. பாதி டி புரதத்தை வைத்துக்கொண்டு கூடை சீக்கிரம் காலியாகிவிடுகிறது. எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் சரக்கு அதே கூடையிலிருந்துதான் என்பதால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. எந்தக் கண்ணியில் தீர்ந்துபோகும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு வால் மட்டும் போயிருக்கும், இன்னொன்றுக்குச் சிறுநீர்ப்பை நரம்பும் போயிருக்கும்.

இரண்டு பிரதியும் உடைந்த குட்டி கருவிலேயே இறந்துவிடும். அதாவது மேங்ஸையும் மேங்ஸையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு கரு பிறக்காது. இது தெரிந்தும் அழகுக்காக இந்த இனத்தைப் பெருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டி மரபணுவின் கதை தொடங்கியது 1927இல், பாரிஸில். ரஷ்யாவிலிருந்து வந்த மருத்துவர் நதேஷ்தா டோப்ரோவோல்ஸ்காயா-சவாத்ஸ்காயா, எக்ஸ்ரே பட்ட எலிகளின் வம்சத்தில் வால் குட்டையானவை பிறப்பதைக் கவனித்து எழுதினார். இன்று மனித முதுகெலும்பில் வரும் கார்டோமா என்ற புற்றுநோயை உறுதிசெய்ய இதே டி புரதத்தைத்தான் தேடுகிறார்கள். இப்போது யாராவது எலிவாலை ஆராயப் பணம் கேட்டால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கட்டம் இருக்கும். அந்த அம்மா அதில் என்ன எழுதியிருப்பார்?

கிரகணத்துக்கு வருவோம். பூனையைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் முதுகில் பிளவோடு பிறந்த குழந்தையின் தாயைப் பார்த்தும் இதே வாய்தான் பேசுகிறது, அங்கே எனக்குக் கோபம் வரும். மனிதர்களில் தாய் ஃபோலிக் அமிலம் (ஒரு பி வைட்டமின்) சேர்த்துக்கொண்டால், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த குடும்பத்தில் மறுபடி வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வானத்தைப் பார்ப்பதைவிட மாத்திரையைப் பார்ப்பது நல்லது. மேங்ஸ் பூனைக்கு இது உதவாது, அங்கே குறை மரபணுவில். பூனைகளில் வெளியிலிருந்து வரும் காரணமும் ஒன்று உண்டு: படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் மருந்து. சினைப்பூனைக்குக் கொடுத்தால் குட்டிகளுக்கு முதுகெலும்புப் பிளவு உட்படப் பல ஊனங்கள் வரும். தெருப்பூனைக்கு வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் நல்ல மனசுக்காரர்கள் கவனிக்க.

இன்னொன்று. தெருவில் எடுத்த பூனை மூத்திரம் சொட்டினால் அது பிறவிக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வால் கார் சக்கரத்தில் மாட்டி இழுபட்டாலும் அதே நரம்புகள் அறுந்து அதே அறிகுறி வரும். தலை ஆட, தள்ளாடித் தள்ளாடி நடக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் பிரச்சினை சிறுமூளையில், தாய் சினையாக இருந்தபோது வந்த வைரஸ் செய்த வேலை. விலங்கு மருத்துவர் ஆசனவாயைச் சுற்றி லேசாகத் தொட்டுப் பார்ப்பார். சுருங்கினால் அந்தப் பக்கத்து நரம்புகள் வேலை செய்கின்றன. சுருங்காவிட்டால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. பிறவிக் குறை என்று உறுதியானால் சரிசெய்ய மருந்து கிடையாது, தினமும் சில தடவை வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலிசெய்ய வேண்டியிருக்கும். எங்கே, எவ்வளவு அழுத்துவது என்பதை கிளினிக்கில் கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.