உலை ஒன்று, குடும்பம் இரண்டு

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவரைப் பிரிந்து ஆறு வருடமாகிறது. பத்து வயது மகளோடு அப்பா வீட்டில் இருக்கிறார். “மக்கள்தொகை கணக்கெடுக்க வருவார்கள் என்கிறார்களே, அதில் நானும் என் மகளும் ஒரு குடும்பமாக எண்ணப்படுவோமா, இல்லை அப்பா வீட்டு ஆட்களாக மட்டும்தானா?” என்று கேட்டிருந்தார்.

அப்பா வீட்டு ஆட்களாகத்தான். இந்தியாவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். ஒருவரைத் ‘தனித்திருப்பவர்’ என்று எண்ணுவது எளிது. ஓர் அம்மாவையும் அவர் பிள்ளையையும் சேர்த்து ‘ஒற்றைப் பெற்றோர் குடும்பம்’ என்று எண்ணுவது மிகவும் கடினம்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் திருமண நிலைக்கு ஐந்து விடைகள் இருந்தன: திருமணமே ஆகாதவர், தற்போது திருமண வாழ்வில் இருப்பவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்து பெற்றவர். கடைசி இரண்டையும் அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் ஒரே கட்டத்தில் போட்டிருந்தார்கள். பிரித்துக் கேட்டதும் தெரிந்தது: நாட்டில் விவாகரத்து பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம், சட்டப்படி பிரியாமல் பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம். இரண்டிலும் பெண்களே அதிகம். துணையை இழந்தவர்கள் ஐந்தரைக் கோடிப் பேர். அவர்களில் நூற்றுக்கு 78 பேர் பெண்கள். திருமணமாகாத பெண்களையும் சேர்த்துத் தனித்து வாழும் பெண்கள் 7 கோடிக்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது.

78 என்ற எண்ணைப் பார்த்து யாருடைய ஜாதகத்தையும் குறை சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக் கணக்கு இது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது, எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் கணவர் மனைவியைவிட மூத்தவர். ஆண்கள் சராசரியாகச் சீக்கிரம் இறக்கிறார்கள். ஆகவே பெண்கள் பக்கத் தொட்டிக்கு வரத்து அதிகம். மனைவியை இழந்த ஆணுக்கு மறுமணம் சுலபம் என்பதால் அவர் பக்கத் தொட்டி சீக்கிரம் வடிகிறது. பெண் அதே தொட்டியில் இருபது, முப்பது வருடம் நிற்கிறார். கணவன் செத்ததற்கு மனைவியின் ராசியைக் காரணம் காட்டுகிற வழக்கம் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறது. அவளைக் கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் நிற்க வைக்கிறோம். எனக்கு இதைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

சரி, கடினமான பகுதிக்கு வருவோம்.

கணக்கெடுப்பில் ‘குடும்பம்’ என்பதற்கு ரத்த உறவு அளவுகோல் இல்லை, அடுப்புதான் அளவுகோல். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இது கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ரொம்ப யோசித்து வைத்த வரையறை. உறவுகளை நாடு முழுக்க ஒரே மாதிரி விளக்கிச் சொல்வது சாத்தியமில்லை. ஒரு வீட்டில் எத்தனை உலை கொதிக்கிறது என்று கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

அடுப்பு முடிவானதும் ஒருவரைக் குடும்பத் தலைவர் என்று முதல் வரியில் எழுதுகிறார்கள். அடுத்தடுத்த வரிகளில் மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ‘தலைவருக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். நம் வாசகியின் வீட்டை இப்படி எழுதிப் பார்க்கலாம். வரி 1, அப்பா, தலைவர். வரி 2, அம்மா, மனைவி. வரி 3, அண்ணன், மகன். வரி 4, அண்ணி, மருமகள். வரி 5, வாசகி, மகள். வரி 6, அண்ணனின் பெண், பேத்தி. வரி 7, வாசகியின் பெண், பேத்தி.

இந்த ஏழு வரிகளை மட்டும் ஒரு கணினியிடம் கொடுத்து இரண்டு பேத்திகளும் யார் பெற்ற பிள்ளைகள் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. உறவுகள் எல்லாம் தலைவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. வரி 5-க்கும் வரி 7-க்கும் இடையில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு குடும்பம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் படிக்க முடியாது.

அத்தை, சித்தி, பெரியம்மா என்று இத்தனை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்கிற தமிழ்கூட இங்கே கைகொடுக்காது. மகன் பிள்ளையும் பேத்தி, மகள் பிள்ளையும் பேத்தி. அப்பா காலமாகி அண்ணன் தலைவரானால் இன்னும் சிக்கல்: அண்ணனுக்குத் தங்கை மகள் ‘மருமகள்’. மகனின் மனைவியும் மருமகள்தான். பத்து வயதுப் பெண் கவனக்குறைவான ஒரு கையெழுத்தில் வேறொருவர் மனைவியாகிவிட முடியும்! ‘தங்கை மகள்’ என்று விரித்து எழுதினால் தப்பிக்கலாம்.

இதை எப்படி அவிழ்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் மாதிரியாக நடத்தும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாகச் சில கேள்விகள் உண்டு. இந்தப் பிள்ளையின் அம்மா உயிரோடு இருக்கிறாரா? இந்த வீட்டில் இருக்கிறாரா? இருந்தால் அவர் எத்தனையாவது வரி? அப்பாவுக்கும் இதே கேள்விகள். வரி 7-க்கு நேரே ‘அம்மா: 5, அப்பா: உயிரோடு இருக்கிறார், இந்த வீட்டில் இல்லை’ என்று எழுதிய கணத்தில், அப்பா வீட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு பேர் கொண்ட குடும்பம் எழுந்து நிற்கிறது. ஒரே ஓர் எண். அந்த 5-ஐப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பலமா என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

அந்த எண் இல்லாத படிவங்களில் ஊகிக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஐபம்ஸ் என்ற திட்டம் பல நாடுகளின் கணக்கெடுப்புத் தரவுகளை இப்படிக் கோக்கிறது. வயது வித்தியாசம் தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்கக்கூடியதா, அந்தப் பெண்ணின் திருமண நிலை என்ன, எத்தனை பிள்ளை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். பட்டியலில் யாருக்குப் பக்கத்தில் யார் வருகிறார் என்பதையும் பார்ப்பார்கள். வீட்டில் பெயர் சொல்லும்போது நாமும் ‘அவ, அவ பொண்ணு’ என்று அடுத்தடுத்துத்தானே சொல்கிறோம். அந்தப் பேச்சு வரிசையே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கணினிக்குத் துப்பாகிறது.

இப்படிக் கோத்துப் பார்த்தால் எண் எவ்வளவு மாறுகிறது? ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் அம்மா மட்டும் பிள்ளைகளோடு வாழும் வீடுகள் 4.5 சதவீதம், அதாவது சுமார் 1.3 கோடி. உறவினர் வீடுகளுக்குள் வாழும் தனி அம்மாக்கள் இன்னும் சுமார் 3.2 கோடி. வெளியே தெரிவதைப் போல இரண்டரை மடங்கு உள்ளே இருக்கிறது. மேலோட்டமான பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘நம் நாட்டில் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் மேலைநாட்டைவிட மிகக் குறைவு, நம் பண்பாடு அப்படி’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். குறைவு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. மிச்சம் அடுப்புக் கணக்கு.

என் பெரியம்மா 26 வயதில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளோடு முப்பது வருடம் என் தாத்தா வீட்டில் இருந்தார். ரேஷன் கார்டில் கடைசிவரை அவர் ‘மகள்’தான். கார்டை வைத்து வருகிற உதவி எதுவும் அவரைத் தனியாகத் தேடி வராது. இன்றைய மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான்: கணவரை இழந்தவர்களையும் தனித்து வாழ்கிற பெண்களையும் குடும்பத் தலைவியாக ஏற்றுக்கொள்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். அம்மாவும் மகளும் ஒரே கார்டில் இருந்தால் இருவரில் ஒருவர்.

இன்னொரு கசிவும் உண்டு. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது வீட்டில் ஒருவர்தான் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். அப்பா சொல்வார்: “மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.” பொய்யில்லை. ஆனால் ‘திருமண வாழ்வில் இருப்பவர்’ கட்டத்தில் குறி விழுந்துவிடும். ‘வாழாவெட்டி’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வாசலில் நிற்கிற அந்நியரிடம் வேறு எப்படிச் சொல்ல வரும்? அதனால் அந்த 35 லட்சம் என்பது கீழ் எல்லை என்றே நான் நினைக்கிறேன்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு நிலவரத்தை எழுதும் விதமாக நடக்க இருக்கிறது. பதினாறு வருட இடைவெளி. இந்த இடைவெளி முழுக்க நாம் 2011-இன் எண்களை வைத்தே திட்டம் போட்டோம். மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்கிற அம்மா வரி எண்ணையும் அப்பா வரி எண்ணையும் ஏன் முழுக் கணக்கெடுப்பில் கேட்கக் கூடாது? செலவு ஆகும், நேரம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆள் அனுப்பிய பிறகு இரண்டு கட்டங்களுக்குக் கணக்குப் பார்ப்பது சரியான சிக்கனம் இல்லை.

வாசகிக்கு நான் எழுதிய பதில் இது. கணக்கெடுப்பாளர் வரும் நாளில் முடிந்தால் நீங்களே வாசலுக்குப் போங்கள். உங்கள் வரிக்குப் ‘பிரிந்து வாழ்பவர்’ என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் மகளின் பெயரை உங்கள் பெயருக்கு அடுத்து சொல்லுங்கள். மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்: ஒரே கூரையாக இருந்தாலும் அடுப்பு வேறு என்றால் விதிப்படி நீங்கள் தனிக் குடும்பம், முதல் வரியில் உங்கள் பெயர்.

அவரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. அடுப்பு ஒன்றுதான், அம்மா கையால்தான் சாப்பாடு, அதை மாற்றுகிற எண்ணம் இல்லை என்று எழுதியிருந்தார். வாசலுக்கு மட்டும் தானே போகப் போகிறாராம்.