நெடுநாள் வெளிநாட்டுப் பயணமும் கைப்பணமும்: செட்டிநாட்டிலிருந்து புறப்படுவோருக்கான அந்நியச் செலாவணி விதிகள்

மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக ஆறு மாதம் அமெரிக்கா செல்லும் ஆச்சியும், கோலாலம்பூரில் ஓர் உணவகத்துக்குச் சமையல் வேலைக்குச் செல்லும் இளைஞரும் காரைக்குடியில் ஒரே நாணயமாற்றுக் கடையின் வாசலில் நிற்கலாம். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கையில் எவ்வளவு கொண்டுபோகலாம்?” ஆனால் சட்டம் தொகையைச் சொல்வதற்கு முன்பு வேறொன்றைக் கேட்கிறது. திரும்பி வருவதற்காகப் போகிறீர்களா, அங்கேயே தங்கிப் பிழைக்கப் போகிறீர்களா என்பதே அது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் தாமே புரிந்துவிடும்.

இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படை 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். வங்கிகளில் இதை ஃபெமா என்பார்கள். 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்தவர் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார். ஆனால் வேலைக்காகவோ, தொழில் நடத்தவோ, எப்போது திரும்புவோம் என்ற வரையறை இல்லாமல் தங்கவோ புறப்பட்டவர், நாள் கணக்கு எப்படி இருந்தாலும், புறப்பட்டது முதலே வெளிநாடு வாழ்பவராகிவிடுகிறார். ஆகவே திரும்பும் பயணச்சீட்டோடும் சுற்றுலா விசாவோடும் செல்லும் ஆச்சி இந்தியாவில் வசிப்பவர். வேலை விசாவோடு செல்லும் இளைஞர் அப்படி அல்லர். ஒரே நிதியாண்டில் பத்து மாதம் பிள்ளைகளோடு வெளியில் இருந்துவிட்டு வருபவர், அடுத்த ஆண்டு இந்த 182 நாள் கணக்கில் வராமல் போகக்கூடும் என்பதால், மறுபடியும் டாலர் வாங்கும்போது வங்கியில் அதைச் சொல்லித் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வருமானவரிச் சட்டத்தின் நாள் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் எடுப்பது தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் வருகிறது. ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் இதை ஆளுக்கு 25,000 டாலர் என்ற வரம்போடு தொடங்கியது. 2015 மே மாதம் முதல் வரம்பு நிதியாண்டுக்கு 2,50,000 டாலராக இருக்கிறது. பயணம், உறவினர் பராமரிப்பு, படிப்பு, மருத்துவம், அன்பளிப்பு எல்லாம் இந்த ஒரே வரம்புக்குள் அடங்கும்; படிப்புக்கும் மருத்துவத்துக்கும், பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ தரும் மதிப்பீட்டின் பேரில் வரம்பைத் தாண்டியும் வங்கி அனுமதிக்கலாம். வரம்பு குடும்பத்துக்கு அன்று, ஆளுக்கு. குழந்தைக்கும் தனி வரம்பு உண்டு. படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். பான் எண் எல்லோருக்கும் கட்டாயம். ஐயாவின் பான் அட்டையில் எல்லாக் கணக்கும் ஓடுகிற வீடுகள் இங்கே இன்னும் பல இருக்கின்றன. தன் பெயரில் பான் எடுக்காத ஆச்சிக்குத் தனியாக டாலர் தர முடியாது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது இதைச் சரிபார்க்க வேண்டும்.

வரம்பு இரண்டரை லட்சம் டாலர் என்பதால் அதை அப்படியே நோட்டாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்று பொருள் இல்லை. பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டும் நாணயமுமாகப் பெறக்கூடியது 3,000 டாலர் அல்லது அதற்குச் சமமான வேறு நாணயம். மீதியை, முன்கூட்டியே பணம் ஏற்றிய அந்நியச் செலாவணி அட்டையாகவோ வங்கி வரைவோலையாகவோதான் பெற வேண்டும். ஈராக்குக்கும் லிபியாவுக்கும் 5,000 டாலர். ஹஜ், உம்ரா செல்வோர் முழுத் தொகையையும் நோட்டாகவே பெறலாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் டாலரே கிடையாது, ரூபாய்தான். தம்பதியாகச் சென்றால் ஆளுக்கு 3,000. இந்திய ரூபாயைப் பொறுத்தவரை, போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு 25,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம். திருச்சியில் இறங்கி ஊருக்கு வண்டி பிடிக்க அதில் கொஞ்சம் பெட்டியில் கிடப்பது நன்மையே.

சென்று இறங்கும் நாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு குடும்பமாகச் சேர்ந்து கொண்டுபோகும் பணம் 10,000 டாலரைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மலேசியாவிலும் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் அறிவிப்பு கட்டாயம். சிங்கப்பூரில் அது 20,000 சிங்கப்பூர் டாலர். அறிவித்தால் பணத்தைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அறிவிக்காமல் இருந்தால்தான் சிக்கல்.

இனி கடையில் நடப்பது. பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு, பான் அட்டை ஆகியவற்றோடு ஏ2 என்னும் படிவத்தையும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பயணத்தின் நோக்கத்தையும், அந்த நிதியாண்டில் இதற்கு முன் எவ்வளவு பெற்றோம் என்பதையும் அதில் எழுதுவோம். பயணத்துக்கு 60 நாளுக்கு முன்பிருந்தே வாங்கலாம். அதற்கு முன்பு வாங்கி வைக்க முடியாது. ரூபாயைக் கையில் கொடுத்து வாங்குவது 50,000 ரூபாய்க்குக் கீழ் மட்டுமே. அதற்கு மேல் போனால் கணக்கிலிருந்து காசோலையாகவோ மின்பரிமாற்றமாகவோ தர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3,000 டாலருக்கு 2,70,000 ரூபாய். நாணயமாற்றின் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி கிடையாது. விதிப்படி கணக்கிடும் ஒரு சிறு மதிப்புக்கு மட்டும் 18 விழுக்காடு. முதல் ஒரு லட்சத்துக்கு அந்த மதிப்பு 1,000 ரூபாய். எஞ்சிய 1,70,000-க்கு அரை விழுக்காடாக 850. ஆக 1,850 ரூபாய்க்கு 18 விழுக்காடு, 333 ரூபாய். இந்த 333-ஐப் பார்த்துக் கடைக்காரரோடு வாதாடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அதே கடை, செய்தித்தாளில் வந்த விலையைவிட டாலருக்கு இரண்டு ரூபாய் கூட்டி எழுதியிருந்தால், 3,000 டாலரில் போவது 6,000 ரூபாய். விலையைத்தான் விசாரிக்க வேண்டும்; இரண்டு வங்கியும் ஒரு கடையுமாக ஒரே நாள் காலையில் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். விமான நிலையத்துக்குள் மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு வாங்கும்போது கடை மேசையிலேயே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். ஓரம் கிழிந்தது, பேனாவால் எழுதியது, சிறிய முத்திரை குத்தியது, தலைப்படம் சிறிதாக இருக்கும் பழைய நூறு டாலர் ஆகியவற்றை அயல்நாட்டு நாணயமாற்றுக் கடைகள் பல வாங்க மறுக்கும், அல்லது விலையைக் குறைக்கும். பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் கற்ற பரம்பரைக்கு நோட்டைப் பார்த்து வாங்கச் சொல்லித் தர வேண்டியதில்லைதான். இருந்தாலும் பயணப் பரபரப்பில் எல்லோருக்கும் கண் தவறுகிறது. நூறு டாலராகவே வாங்காமல் ஐந்தும் பத்தும் இருபதுமாகவும் கொஞ்சம் கேட்டு வாங்கினால் இறங்கிய முதல் நாள் உதவும்.

ஆதாய வரி என்று சிலர் தவறாகச் சொல்லும் பிடித்தம் ஒன்று உண்டு. வங்கி அதை டிசிஎஸ் என்று எழுதும்; பணம் அனுப்பும்போதே வசூலித்துவிடும் வருமானவரி அது. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவரின் பான் எண்ணில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை; 2025 ஏப்ரல் 1-க்கு முன்பு அந்த எல்லை 7 லட்சமாக இருந்தது. பயணச் செலவு, பராமரிப்பு போன்றவற்றுக்கு 10 லட்சத்தைத் தாண்டிய தொகையில் 20 விழுக்காடு பிடிப்பார்கள். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் விழுக்காடு மிகக் குறைவு. இது கூடுதல் வரி அன்று. வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம். ஆச்சியின் 3,000 டாலர் இதில் சிக்காது. ஆனால் அதே ஆண்டில் அதே பான் எண்ணில் பேரனின் கல்லூரிக் கட்டணமும் அனுப்பப்பட்டிருந்தால், எல்லாம் கூட்டிப் பார்க்கப்படும்.

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலும் நாணயமாற்று நிறுவனத்திலும் மட்டுமே டாலர் வாங்கலாம், விற்கலாம். உரிமத்தைக் கடையில் மாட்டியிருப்பார்கள். முழு அளவிலான நாணயமாற்றுக் கடைகள் தனிப்பட்ட பயணத்துக்கும் தொழில் பயணத்துக்கும் மட்டுமே டாலர் விற்கலாம். வேலைக்காகப் புலம்பெயர்பவர் வங்கிக்குச் செல்ல வேண்டும். ரசீது இல்லாமல் இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்பவரிடம் போகாதீர்கள். நகரத்தார் கொண்டுவிற்கப் போன காலத்தில் உண்டியல் என்பது ஒரு கடை மற்றொரு கடையின் மேல் எழுதிக்கொடுத்த, வாக்குப் பிசகாத தாள். கடல் கடந்த வணிகமே அதன் மேல் நடந்தது. இன்று அதே சொல் கள்ளத்தனமாகப் பணம் மாற்றுவதற்குப் பெயராகிவிட்டது எனக்கு வருத்தந்தான். மலேசியாவில் ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு இங்கே தேவகோட்டையில் ரூபாயாகப் பெற்றுக்கொள்ளும் இந்த உண்டியல் ஃபெமாவின் 3-ஆம் பிரிவுக்கு எதிரானது. 13-ஆம் பிரிவின்படி தொடர்புடைய தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம், பணத்தையும் பறிமுதல் செய்யலாம். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இது பொருந்தும்.

ஆறு மாதத் தங்கலுக்கு என் யோசனை இது: முதல் இரண்டு மூன்று வாரச் செலவுக்கு மட்டும் நோட்டு, மீதி அட்டையில். அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றும் நாளின் விலையே நிலைத்துவிடும், தொலைந்தால் முடக்கலாம், தீர்ந்தால் ஊரிலிருந்து மகனோ மருமகனோ வங்கி மூலம் ஏற்றலாம், அதுவும் ஆச்சியின் வரம்பில்தான் கழியும். வங்கியின் பற்று (டெபிட்) அட்டையையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2020-இலிருந்து புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். அதோடு இந்தியக் கைப்பேசி எண் அங்கும் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் வராமல், கணக்கில் பணம் இருந்தும் கைகட்டி நின்ற பெரியவர்கள் பலர்.

கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் அட்டையைத் தேய்த்தபோது, ரூபாயா ரிங்கிட்டா என்று இயந்திரம் கேட்டது. ரூபாய் நமக்குப் பழக்கமானது, கணக்கு உடனே தெரியும் என்று ரூபாயை அழுத்திவிட்டேன். விடுதிக்கு வந்து ரசீதைப் பார்த்த பிறகே, கடையின் இயந்திரம் தன் விருப்பப்படி ஒரு விலையை வைத்து மாற்றியிருந்தது தெரிந்தது. உள்ளூர் நாணயத்தைத்தான் எப்போதும் தேர்ந்தெடுக்க வேண்டும். பண இயந்திரத்திலும் அப்படியே.

வேலைக்குச் செல்லும் இளைஞரின் கதைக்கு வருவோம். அவர் வெளிநாடு வாழ்பவர் ஆனதும், காரைக்குடி வங்கியிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க அனுமதி இல்லை. வங்கிக்கு எழுதிக்கொடுத்து என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வாடகையும் வட்டியும் அதில் சேரும்; அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டு; அதிலிருந்து வெளிநாட்டுக்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரிச் சான்றுகளோடு எடுத்துச் செல்லலாம். அங்கே சம்பாதித்ததை அனுப்ப என்ஆர்இ கணக்கைத் தனியாகத் தொடங்குவது நலம்: அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமானவரி இல்லை, பணத்தை எந்த வரம்பும் இன்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். பலர் இந்த மாற்றத்தைச் செய்யாமல் பத்தாண்டு ஓட்டிவிடுகிறார்கள். வீட்டுமனையை விற்கும்போதுதான் வங்கி கேள்வி கேட்கிறது. ஊரிலுள்ள அம்மாவை இக்கணக்குகளில் இணைக்கலாம், முதலாமவர் அல்லது எஞ்சியவர் என்ற முறையில்; அதாவது முதலாமவர் இருக்கும்வரை கணக்கு அவருடையது, அவருக்குப் பின் மற்றவருடையது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரி 21 முதல் அந்நாட்டின் பேநவ்வையும் நம் யூபிஐயையும் சேர்க்கும் இணைப்பும் சிறு தொகைகளை அனுப்பக் கிடைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது எவ்வளவு அந்நிய நாணயம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்ந்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால், விமான நிலையச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வங்கியில் போடும்போது கேட்பார்கள். செலவாகாத பணத்தைத் திரும்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ விற்றுவிட வேண்டும். 2,000 டாலர் வரை மட்டும் அடுத்த பயணத்துக்கென்று கையில் வைத்துக்கொள்ளலாம். பல்லாண்டு வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நிலையாகத் திரும்புபவருக்கு இந்தக் கட்டு பொருந்தாது. அங்கே வசித்த காலத்தில் ஈட்டியதை அவர் அங்கேயே வைத்திருக்கலாம், அல்லது ஆர்எஃப்சி எனப்படும் அந்நிய நாணயக் கணக்கில் இங்கே போடலாம்.

அனுமதி இருக்கிறதே என்று நோட்டைப் பீரோவில் நெடுங்காலம் பூட்டி வைப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய ஆட்சிக்கால மலாயா நோட்டுகள் இங்குள்ள சில வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. 1945-இல் அவை வெறும் தாளாயின. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிரிட்டனின் தாள் இருபது பவுண்டும் ஐம்பது பவுண்டும் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது. அந்நிய நாணயக் காசுகளை வைத்துக்கொள்ள வரம்பே இல்லை. ஆனால் அவற்றை இங்குள்ள கடைகள் வாங்குவதும் அரிது என்பதால், புறப்படும் விமான நிலையத்தில் காபி குடிக்கும்போது முதலில் சில்லறையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, போதாததற்கு மட்டும் நோட்டை எடுப்பது வழக்கமாகட்டும்.