கருவைக் கரியும் மண்ணில் கலந்த ஈயமும்

காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் செம்மண்ணும் செம்பொறையும், அவற்றின்மேல் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேல மரங்களும் கண்ணில் படும். அந்தக் கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு இன்றும் பிழைப்பாக இருக்கிறது. அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போகும் இந்தக் கரியை உரிய முறையில் தயாரித்து மண்ணில் கலந்தால், மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை அது செடியின் வேருக்கு எளிதில் கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணுக்காகத் தயாரிக்கப்படும் இத்தகைய கரியையே உயிர்க்கரி அல்லது பயோசார் என்கிறார்கள். அது எதைப் பிடிக்கும் என்பதைப் போலவே எதைப் பிடிக்காது என்பதையும் அறிந்துகொண்ட பிறகே அதை நிலத்தில் இட வேண்டும்.

பூச்சிக்கொல்லி, எண்ணெய் போன்ற கரிமச் சேர்மங்களை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடக்கூடும். உலோகம் ஒரு தனிமம் என்பதால் அதைச் சிதைக்க எந்த உயிராலும் இயலாது. பழைய பேட்டரிகளை உடைத்த இடம், முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் பாய்ந்த இடம், குப்பையை ஆண்டுக்கணக்கில் எரித்த இடம் ஆகியவற்றில் உலோகங்கள் பல தலைமுறைகளுக்கு மேல்மண்ணிலேயே தங்கிவிடலாம். செட்டிநாட்டுக்கு இதில் தனியாக ஒரு கவலையும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரம்பைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் கதவிலும் சன்னலிலும் பூசிய பெயிண்டைப் பழுதுபார்ப்பின்போது சுரண்டினால், ஈயம் கலந்த அந்தத் தூள் முற்றத்திலும் கொல்லை மண்ணிலும் விழ வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கொல்லையில்தான் கீரை போடுகிறோம், குழந்தைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

மரத்தைத் திறந்த வெளியில் எரித்தால் பெரும்பாலும் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை வெகுவாகக் குறைத்து 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது நீரும் ஆவியாகும் பொருள்களும் வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த கார்பன் சட்டகம் எஞ்சுகிறது. கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைக்கும் மூட்டத்திலும் இதுவே நடக்கிறது. நன்கு வெந்த மரக்கரியின் ஒரு கிராமில் இருக்கும் உட்பரப்பு சில நூறு சதுர மீட்டர் வரை செல்லும். பலரும் இந்தப் பரப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். உலோகங்களைப் பொறுத்தவரை பரப்பின் அளவைவிட அந்தப் பரப்பில் என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலும் முக்கியம்.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். அமிலத்தன்மையுள்ள மண்ணின் ஈரத்தில் அது இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனியாகக் கரைந்திருக்கும். வேர் உறிஞ்சிக்கொள்வது இந்த வடிவத்தைத்தான். கரித்துகள் அருகில் இருந்தால் பல வினைகள் ஒன்றாக நிகழ்கின்றன. கரியின் மேற்பரப்பிலுள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன் கொண்ட அணுத்தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெற்று, ஈய அயனியுடன் பிணைப்பை ஏற்படுத்துகின்றன. கரியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த கால்சியம், பொட்டாசியம் அயனிகள் விலக, அந்த இடத்தில் ஈயம் அமர்கிறது. கரியோடு கலந்திருக்கும் சாம்பலில் உள்ள கார்பனேட்டுடன் வினைபுரிந்து ஈயக் கார்பனேட்டாகவும் அது படிகிறது. பாஸ்பேட் கிடைத்தாலோ பைரோமார்ஃபைட் என்ற கனிமம் உருவாகும். ஈயத்தின் சேர்மங்களிலேயே நீரில் மிக அரிதாகக் கரைபவற்றுள் இதுவும் ஒன்று. மரக்கரியில் பாஸ்பேட் குறைவு என்பதால், மாட்டுச் சாணத்திலிருந்தோ கோழி எருவிலிருந்தோ தயாரித்த கரியைக் கருவைக் கரியுடன் சேர்த்து இடுவது ஈயத்துக்குப் பொருத்தமானது என்று கருதுகிறேன்.

இவை அனைத்துக்கும் பின்னணியில் மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு இருக்கிறது; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். செம்பொறை மண் பொதுவாக அமிலத்தன்மை உடையது. சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. அமில மண்ணில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்திருப்பதால், பிணைப்பிடங்களுக்காக அவையும் உலோக அயனிகளும் போட்டியிடுகின்றன. கரியிலுள்ள சாம்பலின் காரத்தன்மை அமிலத்தைத் தணிக்கும்போது கரியும் களிமண்ணும் கூடுதலான உலோகத்தைப் பிடிக்கத் தொடங்குகின்றன. ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றைப் பொறுத்தவரை நம் பகுதியின் அமிலச் செம்மண்ணில் கரி நல்ல பலன் தரும் என்று எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த மண்ணில் அந்தப் பலன் குறைந்துவிடும்.

ஆர்செனிக் இதற்கு நேர்மாறானது. மண்ணில் அது பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்ட ஆர்சனேட்டாக இருக்கும். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடுகளே அமிலச் சூழலில் அதை இறுகப் பிடித்திருக்கும். அங்கே காரத்தன்மையுள்ள கரியை இட்டால் பிடி தளர்ந்து ஆர்செனிக் நீரில் கலக்கக்கூடும். ஈயத்தைக் கட்டிய அதே கரி இன்னொரு நஞ்சை அவிழ்த்துவிடும் என்பதால், என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாத மண்ணில், அதுவும் ஊருணிக்கோ குடிநீர்க் கிணற்றுக்கோ அருகில், கரியைக் கொட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். குரோமியத்தின் கதை வேறு. தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஊர்களில் அதிகம் பேசப்படும் இந்த உலோகத்தின் ஆறு இணைதிற வடிவம் நச்சு மிகுந்தது, நீரில் எளிதாக நகர்வது. கரி அதற்கு எலக்ட்ரான்களை வழங்கி, மூன்று இணைதிற வடிவமாக மாற்றவல்லது. பிந்தையது நச்சு குறைந்தது, சாதாரண மண்ணில் எளிதில் கரையாதது. தாமிரத்தைக் கரி பிடிக்கும் என்றாலும், கரியிலிருந்து கசியும் கரைந்த கரிமப் பொருள் சில நேரங்களில் தாமிரத்தைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும்.

வெப்பநிலையையும் இதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 400 டிகிரிக்குள் வெந்த கரியில் பிணைப்புக்கு உதவும் ஆக்சிஜன் தொகுதிகள் அதிகம். 600 டிகிரிக்கு மேல் வெந்ததில் அவை குறைந்து, உட்பரப்பும் காரத்தன்மையும் மண்ணில் நீடிக்கும் தன்மையும் கூடுகின்றன. மூட்டத்தில் இடத்துக்கு இடம் வெப்பம் மாறும் என்பதால் ஒரே மூட்டத்தின் கரியிலும் இரு வகையும் கலந்திருக்கும். சரியாக வேகாமல் புகையின் தார் படிந்த கரியைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோயை உண்டாக்கவல்ல ஹைட்ரோகார்பன்கள் அதில் தங்கியிருக்கலாம். கழிவு தேங்கிய இடத்தில் வளர்ந்த கருவையும் வேண்டாம், ஏனெனில் மரம் உறிஞ்சிய உலோகத்தில் பெரும்பகுதி கரியில் இன்னும் செறிவாக எஞ்சும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த முறையின் எல்லை விளங்கும். ஒரு ஏக்கரில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 800 டன். அதில் 2 சதவீதம் கலக்க 16 டன் கரி வேண்டும். மூட்டத்தில் விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாகக் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் 80 டன் கருவை தேவைப்படும். பெரிய வயல்களுக்கு இது கட்டுப்படியாகாது. சில சென்ட் கொல்லைக்கும், பட்டறையை ஒட்டிய துண்டு நிலத்துக்கும் தாராளமாக இயலும். உருட்டுக் கரியைவிட மலிவாகப் போகும் தூள்கரிதான் இந்த வேலைக்கு ஏற்றது, ஏனெனில் துகள் சிறிதாக இருந்தால்தான் அது மண்ணோடு நன்றாகக் கலக்கும், உலோக அயனியும் விரைவில் உள்ளே சென்றடையும்.

கரி இட்ட பிறகு மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவோர் சோதனை முறையைக் கேட்டறிய வேண்டும். வலிமையான அமிலத்தில் மண்ணைக் கரைத்து மொத்த ஈயத்தை அளந்தால், கரி சேர்ந்ததால் வரும் சிறு நீர்த்தலைத் தவிர முன்பு இருந்த அதே எண்தான் வரும், ஏனெனில் ஈயம் எங்கும் போய்விடவில்லை. மாற்றம் தெரிய வேண்டுமானால், உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் டிடிபிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலால் அல்லது நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலால் பிரித்தெடுக்கப்படும் அளவைக் கேட்க வேண்டும். வேருக்கு எட்டக்கூடிய பங்கை அது ஓரளவு காட்டும். கரைசலில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஈயத்தையும் காட்மியத்தையும் மின்முனையில் படியவைத்து, பின் மீண்டும் கரைத்து அளக்கும் முறைகளும் உண்டு. 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சார்ந்த துறை இதுதான். மழையில் சாம்பலின் காரத்தன்மை மெல்லக் கரைந்து பி.எச். மீண்டும் இறங்கக்கூடும் என்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஒவ்வோர் ஆண்டும் பி.எச். மதிப்பையும் இந்த அளவையும் பார்த்துவர வேண்டும். மொத்த ஈயம் அதிகமுள்ள கொல்லையில், வேருக்கு எட்டும் அளவு குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தாலும், குழந்தைகள் வாயில் போகும் மண்ணிலுள்ள ஈயம் வயிற்று அமிலத்தில் கரையலாம் என்பதால், அங்கே அவர்களை விளையாட விடக் கூடாது.