இடதுபக்கம் திரும்புவதால் ரசிகர்கள் போகவில்லை

விளையாட்டுப் போட்டிகளுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டுத் தொகுப்பது என் தொழில். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காதவர்களிடம் தொலைபேசியில் பேசுவதுதான் அதில் பெரும் பகுதி. சமீபத்தில் மறுபடியும் ஓர் ஆலோசனை அறிக்கை படிக்க வந்தது. சாதாரணக் கார்களின் தோற்றத்தில் அமைத்த கார்கள் ஓடும் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் ஏன் ரசிகர்களை இழந்தது என்பதற்கு முதல் பக்கத்திலேயே விடை எழுதிவிட்டார்கள்: எப்போதும் இடதுபக்கமே திரும்பி வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவது இந்தத் தலைமுறைக்குச் சலிப்பாம். தீர்வும் தயார். பந்தயத்தைச் சுருக்கு, நடுவில் இடைவேளை விடு, கடைசியில் ஒரு ஃபைனல் வை. இதையே இன்னும் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறது. அதையாவது பார்த்துவிட்டு எழுதக்கூடாதா?

முதலில் இந்த 'வட்டம்' விஷயத்தை முடித்துவிடலாம். இந்தத் தொடரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 1959-ல் தொடங்கியது. அன்றும் இடதுபக்கம்தான் திரும்பினார்கள். 1979-ல் அதை முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவுவரை தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். பனிப்புயலால் நாட்டின் கிழக்குப் பகுதியில் பலர் வீட்டிலேயே முடங்கியிருந்த நாள் அது. கடைசிச் சுற்றில் கேல் யார்போரோவும் டானி அலிசனும் மோதிக்கொண்டார்கள், ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார், டானியின் அண்ணன் பாபி அலிசனும் வந்து சேர்ந்துகொள்ள, புல்வெளியில் அடிதடியே நடந்தது. அதுவரை இந்தப் பந்தயத்தைப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது அப்படித்தான். 2006-ல் அதே டேடோனாவை வீட்டிலிருந்து பார்த்தவர்கள் சுமார் 1.9 கோடி பேர். அப்போதும் இடதுபக்கம்தான். 2023-ல் அந்த எண்ணிக்கை சுமார் 82 லட்சம். பாதை மாறவில்லை, திருப்பம் மாறவில்லை. கூட்டத்தைக் கூட்டியபோதும் இருந்த ஒன்று, கூட்டம் குறைந்ததற்கு எப்படிக் காரணமாகும்?

அந்தப் பாதைகளெல்லாம் ஒன்றுபோல இருப்பதாக நினைப்பவர்கள் டார்லிங்டனைப் பார்க்க வேண்டும். தென் கரோலைனாவில் 1950-ல் திறந்த பாதை. நிலத்தை விற்றவர் ஒரு நிபந்தனை போட்டார்: தன் மீன்குட்டையைத் தொடக்கூடாது. அதனால் ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார்கள், பாதை முட்டை வடிவமாகிவிட்டது. இரண்டு முனைக்கும் இரண்டு விதமாகக் காரை ஓட்ட வேண்டும். ஒரு முனைக்குப் பொருத்தமாகக் காரை அமைத்தால் மறுமுனையில் வழுக்கும். சுவரை ஒட்டி ஓட்டினால்தான் வேகம் கிடைக்கும் என்பதால் காரின் வலதுபக்கம் சுவரில் உரசிக் கோடு விழும், அதற்கு 'டார்லிங்டன் ஸ்ட்ரைப்' என்றே பெயர். மார்ட்டின்ஸ்வில்லோ அரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதல், பேப்பர் கிளிப் மாதிரி. டல்லடேகா 2.66 மைல், வளைவில் சரிவு 33 டிகிரி, நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். 'எல்லாம் வட்டம்' என்று எழுதுகிறவர் ஒரு பந்தயத்தையாவது வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

இளைஞர்களுக்கு மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லை என்பது இதன் தம்பி. அதே நாட்டில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதுதான் அங்கே அதிகம் பேர் பார்க்கும் விளையாட்டு. போதுமா?

என் தொழிலில் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏன் விட்டீர்கள் என்று நேராகக் கேட்டால் பாதிப்பேர் 'போரடித்துவிட்டது' என்பார்கள். அதை அப்படியே அட்டவணையில் ஏற்றுவது சோம்பேறித்தனம். அது பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்லும் மரியாதையான பதில். கடைசியாக எந்தப் பந்தயத்தின் முடிவை மறுநாள் வேலையிடத்தில் யாரிடமாவது பேசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் விஷயம் வரும். பெரும்பாலும் நான் கேட்டது இதைத்தான்: யார் சாம்பியன் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது, அப்புறம் அது முக்கியமில்லாமல் போனது.

அது எப்படிப் போனது என்பதைப் பார்க்கலாம். 2003 வரை கணக்கு எளிது. சீசன் முழுக்க ஓடு, பாயின்ட்டைக் கூட்டு, அதிகம் வைத்திருப்பவர் சாம்பியன். அந்த ஆண்டு மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தில் ஜெயித்து, மற்றவற்றில் சீராக முன்வரிசையில் வந்து பட்டம் வாங்கினார். எட்டுப் பந்தயங்களில் ஜெயித்த ரயன் நியூமன் ஆறாவது இடம். விறுவிறுப்பு போதவில்லை என்ற குரல் எழுந்தது. 2004-ல் கடைசி 10 பந்தயங்களுக்கு முன்னணி ஓட்டுநர்களின் பாயின்ட்டைக் கிட்டத்தட்டச் சமமாக்கும் 'சேஸ்' வந்தது. 2007-ல் அதை மாற்றினார்கள், 2011-ல் மறுபடி மாற்றினார்கள். 2014-ல் 16 பேரைச் சுற்றுக்குச் சுற்று நீக்கி, மிச்சமுள்ள நால்வரில் கடைசிப் பந்தயத்தில் முந்தி வருபவருக்கே பட்டம் என்றார்கள். 2017-ல் பந்தயத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துத் தனிப் பாயின்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் தொடங்கிய புதிதில் பரபரப்பாகத்தான் இருந்தது. 2014-ல் ஒரு வெற்றிகூட இல்லாத நியூமன் கடைசிப் பந்தயத்தில் கெவின் ஹார்விக்குக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, ஒரே ஓர் இடத்தில் பட்டத்தைத் தவறவிட்டார். நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தோம், மறுக்கவில்லை.

பரபரப்புக்குக் கொடுத்த விலையைத்தான் யாரும் எழுதுவதில்லை. 2020-ல் அதே ஹார்விக் ஒன்பது பந்தயங்களில் ஜெயித்தார், அந்த ஆண்டின் அதிகபட்சம் அது. ஆனால் இறுதி நால்வரில் அவர் இல்லை. மார்ட்டின்ஸ்வில்லில் கடைசித் திருப்பத்தில் ஓர் இடத்துக்காக முன்னால் போன காரை இடித்துத் தானும் சுழன்று நின்றார். ஒன்பது மாத உழைப்பு அந்த ஒரு வளைவில் போனது. 2025 இறுதிப் பந்தயத்தில் டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னிலையில் ஓடினார். அறுபது பந்தயங்களில் ஜெயித்தும் பட்டம் மட்டும் கிடைக்காதவர். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது இன்னொருவரின் டயர் போய், கார் சுவரில் மோதி, மஞ்சள் கொடி: எல்லோரும் வேகம் குறைத்து ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும், முன்னிலைக்காரர் சேர்த்த இடைவெளி போய்விடும். எல்லோரும் டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடமான பிட்டுக்குள் வந்தார்கள். ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டே மாற்றிவிட்டு முன்னால் வெளியேறினார். மறுதொடக்கத்தில் இரண்டு சுற்று. அன்று ஒரு சுற்றுகூட முன்னிலையில் இல்லாத லார்சன் சாம்பியன். விதிப்படி எல்லாம் சரி, லார்சன் மேல் ஒரு தப்பும் இல்லை. பிப்ரவரியிலிருந்து பார்த்துவந்த ரசிகருக்கு அந்த விதியை எப்படி விளக்குவீர்கள்? அவர் செலவிட்ட முப்பத்தைந்து வாரங்களுக்கு என்ன மதிப்பு?

முறை இப்படி இருந்தால் அணிகளும் அதற்கேற்ப ஆடத்தான் செய்யும். 2013 செப்டம்பரில் ரிச்மண்டில் நடந்ததை நினைவிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேஸுக்குள் நுழையும் கடைசி வாய்ப்பு. ஏழு சுற்று மிச்சம், நியூமன் முன்னிலை, ஜெயித்தால் அவர் சேஸுக்குள். கிளின்ட் போயர் திடீரென்று தானே சுழன்று நின்றார். மஞ்சள் கொடி, பிட் ஸ்டாப், நியூமன் முன்னிலையை இழந்தார், போயரின் அணியைச் சேர்ந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸ் உள்ளே போனார். பிறகு விசாரணை நடந்தது. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், ட்ரூயெக்ஸ் வெளியே, நியூமன் உள்ளே. அதோடு விட்டார்களா? பன்னிரண்டு பேருக்கான சேஸில் ஜெஃப் கார்டனைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்கள். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பட்டியல் மாறினால், ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ரசிகர் கேட்பது தப்பா? கல்யாணத்துக்கு வந்தவரிடம் பந்தி முடிந்தபின் இலை எண்ணிக்கை தப்பு, மறுபடி உட்காருங்கள் என்றால் அவர் அடுத்த கல்யாணத்துக்கு வருவாரா?

2008 இண்டியானாபொலிஸ் இன்னொரு பெருங்காயம். 1994-ல் அங்கே முதல் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். 2008-ல் அந்தச் சொரசொரப்பான பாதையில் டயர் ரப்பர் ஒட்டாமல் தூளாகப் பறந்தது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் டயர் தாங்காது என்பதால், அந்த இடைவெளியில் மஞ்சள் கொடி காட்டிக் காட்டி ஓட்டினார்கள். வெயிலில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு அன்று பந்தயமே கிடைக்கவில்லை. பொருளாதாரமும் அதே ஆண்டு சரிந்தது. அந்த மாடங்கள் பழையபடி நிரம்பவே இல்லை.

இடம் விஷயத்திலும் இதே அலட்சியம். வட கரோலைனாவின் நார்த் வில்க்ஸ்பரோ 1996-லும் ராக்கிங்ஹாம் 2004-லும் முதன்மைத் தொடரை இழந்தன. டார்லிங்டனின் சதர்ன் 500 அரை நூற்றாண்டாக, அங்கே செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின வார இறுதியில் நடந்தது. அந்தத் தேதியைத் தூக்கிக் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்தார்கள், புதுச் சந்தை வேண்டுமாம். அப்பா, மகன், பேரன் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்களுக்கு ஆண்டின் அந்த நாள் காலியானது. 2015-ல்தான் தேதி டார்லிங்டனுக்குத் திரும்பியது. அந்தக் கலிஃபோர்னியப் பாதை 2023-க்குப் பிறகு இடிபட்டது. பழைய ரசிகர்கள் எங்கும் போகமாட்டார்கள் என்ற எண்ணத்தில் எடுக்கும் முடிவுகளிலேயே இதுதான் மோசம். அவர்கள் சத்தம் போடாமல் போவார்கள். சத்தம் போடும் வரை அவர் உங்கள் ரசிகர்.

பிரிஸ்டல் தனிக்கதை. டென்னசியில் அரை மைல் கான்கிரீட் கிண்ணம், அன்று சுற்றிலும் சுமார் 1,60,000 இருக்கை, 1982 முதல் 2009 வரை தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு டிக்கெட் முழுக்க விற்ற இடம். பழைய பாதையில் உள்வரிசை ஒன்றுதான் வேகம், முன்னவரை இலேசாக இடித்து நகர்த்தினால்தான் தாண்ட முடியும். 2007-ல் சரிவை மாற்றிப் பல வரிசைகளில் ஓடும்படி செய்தார்கள். ஓட்டுநர்களுக்குப் பிடித்தது, தாண்டுவதும் சுலபமானது. கூட்டம் குறைந்தது. 2012-ல் பழைய ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவர மேல்வரிசையைச் சுரண்டி எடுத்தார்கள். 2007 மாற்றம் நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். யாருக்காக என்று மட்டும் முதலில் கேட்டிருக்கலாம்.

நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001-ல் இறந்ததால் ரசிகர்கள் போனார்கள் என்பவர்களுக்கும், 2020-ல் உள்நாட்டுப் போர்க் காலத்துத் தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியைத் தடைசெய்ததால் போனார்கள் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேதியைப் பாருங்கள். முதல் நிகழ்வுக்குப் பின் ஐந்தாறு ஆண்டுகள் கூட்டம் ஏறத்தான் செய்தது. இரண்டாவதற்குப் பத்தாண்டு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. 2015-லிருந்து 2020-க்குள் கார்டன், ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ், எர்ன்ஹார்ட் ஜூனியர், ஜிம்மி ஜான்சன் என அடுத்தடுத்து விலகியது இழப்புதான். ஆனால் நட்சத்திரங்கள் எல்லா விளையாட்டிலும் விலகுகிறார்கள்.

இப்போதைய கார்களையும் சொல்ல வேண்டும். 2022-ல் வந்த புதுக் கார் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி பாகங்கள் கொண்டது. அதனால் வேகம் ஒன்றுபோல, சிறு பாதைகளில் முன்னால் போகிறவரைத் தாண்டுவது கடினம். டேடோனா, டல்லடேகாவிலோ எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுகிறார்கள். பிட்டில் நிரப்பும் நேரம் குறைந்தால் முன்னால் வெளியே வரலாம் என்ற கணக்கு. கூட்டமாக நெருங்கி ஓடுவதால் தொலைக்காட்சியில் ஆக்ரோஷமாகத் தெரியும், விஷயம் தெரிந்த ரசிகருக்குக் கோபம்தான் வரும்.

இதையெல்லாம் மீறிப் பார்க்க நினைப்பவரையும் அலைக்கழிக்கிறோம். 2025 சீசனில் பந்தயங்கள் ஃபாக்ஸ், எஃப்எஸ்1, பிரைம் வீடியோ, டிஎன்டி, என்பிசி, யூஎஸ்ஏ என்று பிரிந்து கிடந்தன. ஒப்பந்தத் தொகை 770 கோடி டாலர், நல்லது. எழுபது வயதுக்காரர் ஞாயிறு மதியம் எந்த ரிமோட்டை எடுப்பது என்று மகனுக்கு ஃபோன் போடுகிறார். இரண்டு முறை போடுவார், மூன்றாம் முறை தோட்டவேலைக்குப் போய்விடுவார்.

லீக் நடத்துகிறவர்களே, சீசன் நடுவில் விதியில் கை வைக்காதீர்கள். சாம்பியன் எப்படித் தேர்வாகிறார் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த முறையை வெளியிடாதீர்கள். ஒரு மாற்றத்தைச் செய்தால் நான்கு சீசனாவது தொடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அது வேலை செய்ததா என்று உங்களுக்கே தெரியாது. பழைய மைதானத்தின் தேதியை எடுக்கும் முன் அந்த ஊரில் போய் இரண்டு நாள் உட்காருங்கள். டிக்கெட்டைப் புதுப்பிக்காதவரை ஒரு வாரத்துக்குள் கூப்பிடுங்கள், ஆறு மாதம் கழித்து அல்ல. தள்ளுபடி கொடுக்க அல்ல, கேட்க.

2026-க்கு நீக்கல் முறையைக் கைவிட்டு, 10 பந்தய சேஸுக்கே திரும்புவதாக நாஸ்கார் அறிவித்தது. 16 பேர், கடைசிப் பத்துப் பந்தயங்களின் கூட்டல் கணக்கு, அவ்வளவுதான். நான் கேட்டிருந்தால் முழு சீசன் கணக்கைத்தான் கேட்டிருப்பேன், ஆனாலும் சரியான திசை. முதல் ஆண்டிலேயே யாராவது மூன்று பந்தயம் மிச்சமிருக்கையில் பட்டத்தை உறுதிசெய்துவிடலாம். அப்போது 'விறுவிறுப்பு போச்சு' என்று கூச்சல் வரும், அறிக்கைகளும் வரும். தயவுசெய்து அந்த வாரம் விதியை மாற்றக் கூட்டம் போடாதீர்கள்.