பதில் கேட்காத கடிதம்

பாலக்கோட்டிலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார்: "உயிரை விட முயன்று, பிழைத்து வீட்டுக்குப் போறவங்களுக்கு அப்பப்போ ஒரு மெசேஜ் அனுப்பினா பலன் இருக்குமா சார்?"

இருக்கும். ஆஸ்பத்திரியை விட்டுப் போன முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. வார்டில் சுற்றி ஆள் இருந்தது. வீட்டில் பழைய கடனும் பழைய சண்டையும் அப்படியே இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தொடர் சிகிச்சையிலிருந்து விலகிய 843 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டு கடிதம் போட்டார். அவர்களிடையே தற்கொலை குறைந்தது. முதல் இரண்டாண்டில் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது.

கடிதத்தில் இரண்டே வரி. நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாயிற்று, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எழுதத் தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம். மாத்திரை போட்டீர்களா என்ற விசாரணை இல்லை, அறிவுரை இல்லை. நான் சொக்கிப்போவது இந்த 'இல்லை'களில்தான். 'எல்லோருக்கும் நான் பாரம்' என்று நினைப்பவருக்கு ஒரு கேள்வி வந்தால், பதில் சொல்வதும் இன்னொரு கடனாகிவிடும். இந்தக் கடிதம் எதையும் கேட்பதில்லை. முதல் கடிதத்தை ஆஸ்பத்திரி வழக்கம் என்று தள்ளிவிடலாம். தான் ஒன்றுக்கும் பதில் போடாதபோதும் ஏழாவது வந்தால்? 'யாருக்கும் நான் வேண்டாம்' என்ற நினைப்பு அங்கேதான் இடறுகிறது என்பது என் புரிதல்.

சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு மணி நேரப் பேச்சோடு ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். 18 மாதத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களில் 0.2 சதவீதம்.

இவ்வளவு மலிவான வழிக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆளும் ஒரு போனும் ஒதுக்க வேண்டும் என்பேன். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகளில் பிழைத்தவருக்கு மிஞ்சுவது வெட்கம் மட்டுமே.

சிஸ்டர், ஒன்றே ஒன்று. பென்னாகரம் பக்கம் பல வீடுகளில் ஒரே போன். மெசேஜை மகன்தான் படித்துக் காட்டுவான். அதனால் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர். உங்க ஞாபகம் வந்துச்சு. பேசணும்னு தோணினா இந்த நம்பர்ல இருக்கேன்." உங்கள் பணி நேரம் போக மற்ற நேரத்துக்கு 104 (அரசின் மருத்துவ உதவி எண்), 14416 (அரசின் மனநல உதவி எண்) இரண்டையும் கீழே போடுங்கள்.