‘சிறுநீர் அவசரம்’ அல்ல, முட்டல்

சிறுநீர் திடீரென்று நெருக்கி, தள்ளிப்போட முடியாமல் வருவதை ஆங்கில மருத்துவத்தில் அர்ஜென்சி என்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘சிறுநீர் அவசரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு நெருக்குதல், தள்ளுதல் என்று பொருள். அவசரம் வடசொல், அங்கே சமயம், வாய்ப்பு, தமிழில் விரைவு. நெருக்குதல் எங்கே, விரைவு எங்கே?

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் உள்ள சுரப்பி) நோயாளிகள் நிரப்பும் அறிகுறிப் படிவத்தில் 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். நான்காவது கேள்வி, கடந்த ஒரு மாதத்தில் சிறுநீரை அடக்குவது எவ்வளவு அடிக்கடி சிரமமாக இருந்தது என்பது. அதை ‘அவசரமாகச் சிறுநீர் கழித்தீர்களா’ என்று மாற்றினால், வேலைக்கு நடுவே சட்டென்று போய்வருகிறவர் ‘எப்போதும்’ என்று குறிப்பார். அடக்க முடியாது என்று பயந்து முன்கூட்டியே போய்விடுகிறவர் ‘இல்லை’ என்பார். மொத்தம் 7 வரை லேசான தொந்தரவு, 8 முதல் 19 வரை நடுத்தரம். உண்மையில் 6 பெற வேண்டியவர் இந்த ஒரு கேள்வியில் 3 கூடுதலாகக் குறித்தால் 9, நடுத்தரத்துக்குப் போய்விடுகிறார்.

‘அவசரமா வருது’ என்று மக்கள் சொல்வது உண்மைதான். அங்கே பொருளைத் தாங்குவது ‘வருது’. அதை வெட்டிவிட்டுப் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்ததில்தான் பிழை.

தனித்தமிழ் விரும்பிகளின் ‘சிறுநீர் உந்துதல்’ இன்னும் மோசம். உந்துவது யார், சிறுநீரா நோயாளியா? ஆறாவது கேள்வி, முக்கித்தான் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறதா என்பது. நான்காவதில் உந்துதல் என்று படித்தவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையைத் தருவார். ஒன்று சிறுநீர்ப்பை அடங்காத கோளாறு, மற்றது வெளியேறத் தடை; மருந்தே வேறு. தூய்மை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் நோயாளிக்குப் புரியாத தூய்மையால் யாருக்கு என்ன பயன்?

முட்டுதல் நம்மிடமே இருக்கிறது. கண்ணில் நீர் முட்டும், குடம் விளிம்பு முட்ட நிறையும், ‘மூத்திரம் முட்டுது’ என்று பாட்டியும் பேரனும் சொல்வார்கள். கொச்சை என்று ஒதுக்குவது தவறு. ஒரு குறை உண்டு: நெடுநேரம் போகாமல் பை நிறைந்தாலும் முட்டும். நோய்க்குறியோ திடீரென்று வருவது, தள்ளிப்போட முடியாதது. ஆகவே ‘திடீர் முட்டல்’ என்பதே சரி.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். ‘அவசரம்’ அங்கே அர்ஜென்சியாகவே திரும்பிப் போய்த் தேறிவிடும். நோயாளியிடம் கேள்வியை வாசித்துக்காட்டி, ‘இதில் என்ன கேட்கிறார்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டால்தான் பிழை பிடிபடும்.