புப்ளிட்சிஸ்ட் என்றால் விளம்பரதாரர் இல்லை

உக்ரைனிய எழுத்தாளர் இவான் பக்ர்யானியைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. முதல் வரியிலேயே "எழுத்தாளர், விளம்பரதாரர்" என்று இருந்தது. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அவர் எதற்கும் விளம்பரம் செய்தவர் இல்லை. மூலத்தில் இருந்திருக்கக்கூடிய உக்ரைனியச் சொல் 'புப்ளிட்சிஸ்ட்', அதாவது நாட்டு நடப்பை வைத்து வாதாடி எழுதுகிறவர். அது ஆங்கிலத்தின் 'பப்ளிசிஸ்ட்' வழியாகத் தமிழுக்கு வந்து இப்படித் திரிந்திருக்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'பொப்புலுஸ்' என்றால் மக்கள், அதோடு தொடர்புடைய 'பூப்ளிகுஸ்' என்றால் மக்களுக்குரியது, பொது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாடுகளுக்கு இடையிலும் அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலும் உள்ள சட்டங்களைப் பற்றி எழுதிய அறிஞர்களை இந்த வேரிலிருந்து வந்த பெயரால் அழைத்தார்கள். அப்புறம் நாட்டு நடப்பைப் பற்றி எழுதுகிறவர் என்று பொருள் விரிந்தது. ஆங்கிலத்திலும் முதலில் இப்படித்தான் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அங்கே பொருள் நழுவி, ஒருவருக்கு விளம்பரம் தேடித் தரும் ஆள், நம் சினிமாக்காரர்கள் சொல்லும் பி.ஆர்.ஓ. என்று ஆகிவிட்டது. உக்ரைனிய மொழியில் அந்த நழுவல் நடக்கவில்லை.

நடக்காததற்கு அந்த நாட்டின் கதையே காரணம் என்று நினைக்கிறேன். 1876இல் ரஷ்யப் பேரரசு உக்ரைனிய மொழியில் அச்சிடுவதையே பெரும்பாலும் தடை செய்தது. கீவ் பல்கலைக்கழக வேலையிலிருந்து நீக்கப்பட்ட அரசியல் சிந்தனையாளர் மிகைலோ திராகொமானொவ் ஜெனிவாவுக்குப் போய் 'ஹ்ரொமாதா' என்ற தொகுப்பிதழை நடத்தினார். சொந்த மண்ணில் வாய் திறக்க முடியாதபோது எழுத்தாளரே அரசியலையும் பேச வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் இந்தப் பெயர்.

பக்ர்யானி 1906இல் ஒக்திர்காவில் பிறந்தவர். 1932இல் கைதாகித் தூரக்கிழக்குக்கு அனுப்பப்பட்டார், அங்கிருந்து தப்பினார், 1938இல் மறுபடி பிடிபட்டுக் கார்கிவ் சிறையில் கிடந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவரைப் போன்ற லட்சக்கணக்கானோர் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்தார்கள், சோவியத் குடிமக்களைத் திருப்பி அனுப்புவது என்று 1945 யால்டா மாநாட்டில் வல்லரசுகள் பேசி முடித்துவிட்டிருந்தன. சொந்த ஊருக்குப் போக ஏன் பயப்படுகிறார்கள் என்று மேற்கு நாட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான், 1946இல், 'நான் ஏன் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்ப விரும்பவில்லை?' என்ற சிறு நூலை எழுதினார். அதில் தத்துவ விவாதத்தால் வாதாடாமல் தன் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்: 92 வயது, ஒரு கை இல்லாதவர், தேனீப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர். 1920இல் போல்ஷெவிக்குகள் வந்து, பேரப்பிள்ளைகள் அலற அலற, அவர்கள் கண்ணெதிரிலேயே அவரையும் அவர் மகன் ஒருவரையும் கொன்றார்கள். அங்கிருந்து உக்ரைனின் 1933 பஞ்சத்துக்கும் சிறைகளுக்கும் போகிறது எழுத்து. சிறை அனுபவத்தை 'கெத்செமனே தோட்டம்' என்ற நாவலாகவும் எழுதினார், நோய்-உல்ம் நகரில் 'உக்ரைன்ஸ்கி விஸ்தி' என்ற செய்தித்தாளையும் நடத்தினார். 1963இல் ஜெர்மனியிலேயே இறந்துபோனார். 1992இல், சுதந்திர உக்ரைன், நாட்டின் உயரிய இலக்கியப் பரிசான ஷெவ்சென்கோ பரிசை அவருக்கு இறந்த பின் கொடுத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பத்திரிகையாளர்' போதாது, ஏனென்றால் அதற்கு உக்ரைனியத்தில் 'ஷுர்னலிஸ்ட்' என்று தனிச் சொல் இருக்கிறது. ஷுர்னலிஸ்ட் நடந்ததைச் சொல்கிறவர், புப்ளிட்சிஸ்ட் நடந்ததை வைத்து வாதாடுகிறவர். 'பத்தி எழுத்தாளர்' என்றால் வாராவாரம் இடம் ஒதுக்கி எழுதுகிறவர் என்று தோன்றும், சிறு நூல் எழுதியவருக்கு அது பொருந்தாது. 'கருத்தாளர்' நல்ல சொல்தான், ஆனால் எழுதுகிற வேலை அதில் தெரியவில்லை. என் கணக்கில் 'அரசியல் கட்டுரையாளர்' எல்லாவற்றையும்விடச் சரியாக உட்காருகிறது. அந்த எழுத்து வகையை, அதாவது 'புப்ளிட்சிஸ்டிகா'வை, 'அரசியல் கட்டுரை' என்றே சொல்லலாம். கட்சி அரசியல் மட்டும் இல்லாமல் மொழி, பண்பாடு, கல்வி எல்லாம் எழுதியவராக இருந்தால் 'பொதுவாழ்வுக் கட்டுரையாளர்' என்று விரிக்கலாம். வேர்ச்சொல்லின் 'பொது' அப்போது தமிழிலும் வந்துவிடும்.